குழந்தை நடிகர் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடுமுன் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

தென்றல்42 (கேள்வி)
ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சித் தொடரில் வாய்ப்பு. ஒப்பந்தம் ஆறு பக்கம். சம்பளத்தைப் பெற்றோர் கணக்கில் போடுவார்களாம். படப்பிடிப்புத் தளத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதாம், பெற்றோர் வரத் தேவையில்லையாம். எதில் கண்டிப்பாக இருக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம்?

கணக்குச்சுவடி
பெற்றோர் கணக்கு என்ற வரியை முதலில் அடியுங்கள். ஜாக்கி கூகன் 1921-இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன். பெரியவனாகிப் பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்குப் போட்டும் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர்தான். அதையொட்டி கலிஃபோர்னியா 1939-இல் சட்டம் போட்டது. நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஒப்பந்தங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியதால் ஓட்டை பெரிது. சம்பாத்தியம் பிள்ளையின் சொத்து, மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதம் பூட்டிய கணக்கில் என்று இறுகியது 2000-இல்தான். இந்தியாவின் 2017 குழந்தைத் தொழிலாளர் விதி குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்கிறது.

சதவீதத்தை எதன்மேல் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். சம்பளம் 100 என்றால் மேனேஜர் கமிஷன் 20, பயணம், உடை, போட்டோ என்று 30 கழித்து, மிச்சம் 50-இல் 20 சதவீதம் போட்டால் பிள்ளைக்குப் பத்துதான். கமிஷனுக்கும் செலவுக்கும் முன்னாலேயே பிரித்து, தயாரிப்பு நிறுவனமே நேராகப் பிள்ளை கணக்கில் கட்டும்படி எழுதுங்கள். வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: காப்பாளர் கையெழுத்தை மட்டும் வைத்து வைப்பைப் பாதியில் உடைக்க முடியுமா? முடியும் என்றால் அது பூட்டில்லாத பெட்டி. இந்தச் சதவீதங்கள் குறைந்தபட்சம்தான், கூடுதலாக ஒதுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

கிளாப்போர்டு
தளத்து விஷயம். "ஆள் இருக்கிறது" என்றால் அந்த ஆளிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். இந்திய விதிப்படி ஒருவருக்கு அதிகபட்சம் ஐந்து, இங்கிலாந்தில் பன்னிரண்டு. ஆள் இருந்தாலும் நீங்கள் போக வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் 16 வயதுக்குட்பட்டவரின் பெற்றோரோ காப்பாளரோ பார்வைக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நேரத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் நாளுக்கு 5 மணி, இடைவேளையில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. கேமரா ஓடிய நேரத்தை மட்டும் கணக்குக் காட்டுவார்கள். மேக்கப், உடை மாற்றம், ஒத்திகை, லைட்டிங்குக்கான காத்திருப்பு எல்லாம் பிள்ளைக்கு வேலைதான். தளத்துக்குள் நுழைந்த நிமிடத்தையும் கிளம்பிய நிமிடத்தையும் ஒரு நோட்டில் எழுதி, அன்றன்றே உதவி இயக்குநரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன காட்சி என்ற விவரம் முந்தைய நாள் மாலைக்குள் எழுத்தில் வர வேண்டும், கூடவே அன்றைய காட்சியின் வசனமும்.

அழுகைக் காட்சியை வசனம் கைக்கு வந்ததுமே பேசி முடியுங்கள். "அம்மா உன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்று பொய் சொல்லி அழவைப்பது, கிள்ளுவது, அதட்டுவது இருக்கவே கூடாது. கண்ணில் சொட்டு மருந்து, நெருக்கக் காட்சி, பின்னணி ஒலி போதும். நெருப்பு, தண்ணீர், உயரம், விலங்கு என்றால் டூப் யார் என்று கேளுங்கள்.

தென்றல்42
பெற்றோர் எதிரில் நின்றால் பிள்ளை நடிக்காது என்கிறார்களே?

கிளாப்போர்டு
பாதி உண்மை. பிள்ளை உடன் நடிப்பவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்க்கும். அதற்கு மானிட்டர் பக்கம் உட்காருங்கள். உங்களுக்குப் பிள்ளை தெரியும், பிள்ளைக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அங்கிருந்து "நல்லா பண்ணு" என்று சைகை காட்டாதீர்கள், அது இயக்குநர் வேலை. மூடிய கேரவனில், உடை மாற்றும் இடத்தில் யாருடனும் தனியாக விடக் கூடாது. அதில் விவாதமே இல்லை.

நீலமை
ஒப்பந்தத்தில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: "நிரந்தரமாக", "எல்லா ஊடகங்களிலும்", "இனி வரும் தொழில்நுட்பத்திலும்". மூன்றும் ஒரே வரியில் இருந்தால் பிள்ளையின் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுத்து வேறெங்கும் பயன்படுத்த இடம் கொடுக்கிறீர்கள். "இந்தத் தொடருக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும், டிஜிட்டல் நகல் தனி எழுத்து ஒப்புதலின்றி இல்லை" என்று மாற்றுங்கள். அடுத்தது விலகும் உரிமை. உடல்நலமோ படிப்போ கெட்டால் அபராதமின்றி விலகலாம் என்று இருக்க வேண்டும். "நஷ்டஈடு பெற்றோர் பொறுப்பு" என்ற வரி இருந்தால், பிள்ளை காய்ச்சலில் படுத்திருக்கும்போது அதைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள்.

விட்டுக்கொடுக்கக்கூடியவை: டைட்டிலில் பெயர் வரும் இடம், பேட்டி, பேட்டா விவரம். பதிவுக் கட்டணம், "போர்ட்ஃபோலியோ எங்களிடம்தான் எடுக்க வேண்டும்" என்றால் பேச்சே வேண்டாம். வேலை கொடுப்பவர் பணம் தருவார், வாங்கமாட்டார்.

கணக்குச்சுவடி
நீலமை சொன்னதோடு ஒன்று. பெற்றோரே மேனேஜராகிக் கமிஷன் எடுப்பதை நான் ஏற்கவில்லை. கமிஷன் எடுப்பவருக்கு அடுத்த கால்ஷீட் முக்கியம், காப்பாளருக்குப் பிள்ளையின் தூக்கம் முக்கியம். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளை சம்பளத்தில் வீட்டு வாடகை கட்ட ஆரம்பித்தால், "நடிக்கப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொல்ல இடமே இல்லாமல் போகும்.

நீலமை
அதை ஏற்கிறேன், ஆனால் தாய் மூன்று மாதம் தளத்தில் உட்கார்ந்தால் அவருடைய சம்பள இழப்பை யார் ஈடுகட்டுவது? அதைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், பிள்ளை கணக்கில் கைவைக்காதீர்கள். "உடன்வரும் காப்பாளர் படி" என்று தனி வரியாகச் சேர்க்கலாம். பயணம், சாப்பாடு, தங்குமிடம் இருவருக்கும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

கிளாப்போர்டு
வீட்டிலேயே வீடியோ எடுத்துப் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். பிரான்ஸ் 2020-இல் 16 வயதுக்குட்பட்டவர்களின் இணைய வருமானத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. தன் வீடியோவை நீக்கச் சொல்லும் உரிமை பிள்ளைக்கே அங்கு உண்டு. அமெரிக்காவில் முதலில் இப்படிச் சட்டம் போட்டது இல்லினாய் மாநிலம், 2024 ஜூலையில் அமலானது.

தென்றல், இனி வேறு வாய்ப்புக்கு ஆடிஷன் வீடியோ அனுப்பினால் பின்னணியைப் பாருங்கள். பள்ளிச் சீருடை, வீட்டு எண், வண்டி எண் எதுவும் தெரியக் கூடாது. வெறும் சுவர் போதும்.