விசேட அலகில் படித்து முடித்த தம்பிக்கு காலேஜ் படிப்பு என்று ஒன்று இங்கே இருக்கிறதா?

கொட்டகலை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 19, டவுன் சிண்ட்ரோம். சின்ன வயதிலிருந்து இங்கே பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் விசேட கல்வி அலகில்தான் படித்தான். போன வருடம் "வயது கூடிவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். சரி, அடுத்து எங்கே அனுப்புவது என்று கேட்டால் "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார், நான் முன்பள்ளியில் வேலை. பகலில் அவன் மாமாவின் கடையில் இருப்பான். பருப்பு, சீனி எல்லாம் சரை கட்டி அடுக்குவான். தராசில் உள்ள இலக்கம் அவனுக்கு வாசிக்க வராது. மாமா 250 கிராமில் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார், முள் அந்தக் கோட்டில் வந்து நிற்கும் வரை ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டிருப்பான், கொஞ்சம் தாண்டினால் எடுத்துவிடுவான், அவசரப்படவே மாட்டான். ஹட்டன் பஸ் எது, தலவாக்கலை பஸ் எது என்றெல்லாம் அவனுக்குத் தெரியும், கண்டக்டர்மார் எல்லோரும் அவனுக்குப் பழக்கம்.

பிரச்சினை என்னவென்றால், எங்கள் லயத்தில் அவனோடு ஒன்றாக வளர்ந்த பையன்கள் எல்லாம் இப்போது தொழிற்பயிற்சிக்கும் டெக்னிக்கல் காலேஜுக்கும் போகிறார்கள். காலையில் அவர்கள் பஸ்ஸுக்கு இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு "எனக்கு எப்ப காலேஜ்?" என்று கேட்கிறான். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கே போய்ப் படிக்கும் வீடியோக்களை நானும் பார்த்தேன். இயலாமை உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து மெழுகுதிரி செய்யும் இடத்தை நான் கேட்கவில்லை, அது ஒன்றும் கெட்டதும் இல்லை. அவன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது படிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை மிஸ்

தங்கச்சி, நான் விசேட கல்வி ஆசிரியை, இந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு அம்மா என் முன்னால் வந்து நிற்பார். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்த மாதிரி, பல்கலைக்கழகத்துக்குள்ளே அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான பாடநெறி எதையும் நம் மலையகத்தில் நான் கண்டதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாற்றுவலுவுடையோருக்கு விசேட அனுமதி கொடுக்கிறது, ஆனால் அதற்கும் உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும். கண் தெரியாத பிள்ளைகள், கைகால் இயலாத பிள்ளைகள் அந்த வழியில் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கே உட்காராதவர்கள், அவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆனால் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஐ.நா.வின் இயலாமையுடையோர் உரிமைகள் சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. அதன் 24ஆவது உறுப்புரையில் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, உயர்கல்வி, தொழிற்பயிற்சி, வளர்ந்தோர் கல்வி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், தேவையான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு என்பது நமக்கு எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு அலுவலகத்தில் போய் நிற்கும்போது, தயவு கேட்டு வந்தவராக நிற்பது வேறு, இந்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிக் கேட்பது வேறு.

இப்போது கையில் இருப்பவை: சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சீதுவை, வத்தேகம போன்ற இடங்களில் இருக்கின்றன, தங்கிப் படிக்கலாம். போவதற்கு முன் எந்த மொழியில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளையைக் கொண்டுபோய் சிங்கள வகுப்பில் விட்டால், பாடம் விளங்காததையும் அவனுடைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். நுவரெலியாவில் மென்கஃபெப் என்ற தொண்டு நிறுவனம் பல காலமாக இந்தப் பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்கிறது, அங்கேயும் ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள்.

எட்மன்டனிலிருந்து ஒரு பண்டாரவளைக்காரி

நான் கனடாவில் இருக்கிறேன், இங்கே அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வீடியோவில் தொப்பியும் கவுனும்தான் தெரியும், நடுவில் நடப்பது தெரியாது.

எங்கள் ஊர் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் மகள் அப்படித்தான் படித்தாள். அவளுக்கென்று தனி வகுப்பு கிடையாது. மற்ற மாணவர்கள் உட்காரும் அதே விரிவுரை, அதே கதிரை. பாடத்தை மட்டும் அவளுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார்கள். மற்றவர்கள் பத்துப் பக்கம் கட்டுரை எழுதும்போது அவள் ஐந்து படங்களை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதி, வகுப்பு முன்னால் நின்று விளக்குவாள். கூடவே அதே வகுப்பு மாணவி ஒருத்தி இருப்பாள், குறிப்பு எடுத்துக் கொடுப்பாள், கென்டீனுக்குக் கூட்டிப் போவாள். கோடை விடுமுறையில் ஒரு வேலை. முடிவில் பட்டம் கிடைக்காது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் எல்லா நாட்டிலும் இது சான்றிதழோடு முடிகிற விஷயம்தான். ஸ்பெயினில் பாப்லோ பினேடா என்பவர் டவுன் சிண்ட்ரோமோடு உண்மையாகவே பட்டம் வாங்கினார், ஆனால் எல்லோரையும் அவரோடு ஒப்பிட வேண்டாம்.

அமெரிக்காவில் இது பரவியதற்குக் காரணம் 2008இல் வந்த உயர்கல்விச் சட்டம். அதற்கு முன்பு, பள்ளிச் சான்றிதழோ அதற்கு ஈடான பரீட்சைச் சித்தியோ இல்லாத பிள்ளைக்கு அரசாங்க உதவிப் பணம் கிடைக்காது. அந்தச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் சேரும் அறிவுசார் குறைபாடுள்ள மாணவருக்கும் பெல் என்ற அரசாங்க உதவித்தொகை கிடைக்கும் என்று ஆக்கியது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: அந்தப் பிள்ளை குறைந்தது பாதி நேரமாவது குறைபாடு இல்லாத மாணவர்களோடு சேர்ந்து இருக்க வேண்டும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த "பாதி நேரம்"தான். அது இல்லாவிட்டால் கெம்பஸ் மூலையில் ஒரு அறையைக் கொடுத்துவிட்டு "சேர்த்துக்கொண்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். இப்போது அங்கே 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட பாடநெறிகள் இருக்கின்றன. அயர்லாந்தில் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இரண்டு வருடப் பாடநெறி இருக்கிறது.

செலவு பெரிய செலவு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நான் கண்ட மாற்றம் படிப்பால் மட்டும் வந்தது இல்லை. தனியாக பஸ் ஏறினாள், பிடிக்காததை "வேண்டாம்" என்று சொல்லப் பழகினாள், தன் வயதுப் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள் அவளிடம் இருந்தன. உங்கள் தம்பி கேட்பதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மஸ்கெலியா அண்ணன்

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் சித்தப்பா மகனுக்கும் இதே நிலைமைதான். நல்லபடியாகப் படித்து டிகிரி எடுத்த பிள்ளைகளே வேலை இல்லாமல் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். இந்தப் பிள்ளையை ஒரு வருடம் காலேஜுக்கு அனுப்பி, அப்புறம் திரும்பவும் வீட்டில் உட்கார வைத்தால் அவன் மனம் என்ன பாடுபடும்? பஸ்ஸில் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள், பணத்தைப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். இப்போது மாமா கடையில் பாதுகாப்பாக இருக்கிறான், வேலையும் தெரிகிறது. மாமா அவனுக்கு மாதம் ஒரு சம்பளம் என்று கையில் கொடுத்து, வங்கியில் ஒரு கணக்கும் திறந்து கொடுத்தால் அதுதான் பெரிய படிப்பு. என் கருத்து இவ்வளவுதான், அந்தத் தம்பி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற அதிபர், பதுளை

மஸ்கெலியாத் தம்பி, உங்கள் பயம் நியாயமானது. சம்பளமும் வங்கிக் கணக்கும் இன்றே செய்ய வேண்டியவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "வேலை கிடைக்காது, எதற்குப் படிப்பு" என்ற பேச்சை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. நம் ஆட்களைப் பார்த்து எவ்வளவு காலம் அதே பேச்சைச் சொன்னார்கள்? கொழுந்து எடுக்கப் போகிறவளுக்கு எதற்கு எழுத்து, கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு எதற்குக் கணக்கு என்று கேட்டார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான், அதற்கு முன்னால் ஒரு மடுவத்தில் ஐந்து வகுப்பையும் ஒரே வாத்தியார் வைத்துக்கொண்டு இருப்பார். அன்றைக்கு வேலை கிடைக்குமா என்று கணக்குப் பார்த்து நம்மைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டிருந்தால், இந்தப் பக்கத்தில் எழுதும் பாதிப்பேர் எழுதியிருக்க மாட்டோம். நம் சமூகத்துக்குக் கேட்டு வாங்கிய உரிமையை நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளைக்கு இல்லை என்று சொல்லக் கூடாது.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்க வேலை வெற்றிடங்களில் 3 சதவீதம் இயலாமையுடையோருக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை போட்டார்கள். அது சரியாக நடக்கவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் தகைமை என்று ஒரு காகிதம் இல்லாதவன் அதைக் கேட்கவே முடியாது.

இனி வழியைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தை இப்போதைக்கு விடுங்கள். நம் பக்கத்தில் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன, தனியார் நிலையங்களும் இருக்கின்றன. அங்கே தமிழ்ப் பிள்ளைகள்தான் அதிகம், அதாவது உங்கள் லயத்துப் பையன்கள் போகும் அதே இடங்கள். தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. என்பார்கள், அது 1 முதல் 7 வரை மட்டங்கள் உள்ளது. கீழ் மட்டங்களில் மதிப்பீடு என்பது வேலையைச் செய்து காட்டுவதுதான். ஒருவர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் திறமையைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் இருக்கிறது. பாடநெறி முழுவதும் முடிக்க முடியாதவருக்கு, முடித்த அலகுகளை மட்டும் பதிந்து கொடுக்கலாம். 250 கிராமுக்கு முள் வந்து நிற்கும்வரை காத்திருக்கும் பிள்ளைக்கு பேக்கரியில் மா அளப்பது பெரிய வேலையா?

ஆகவே, நிலையத்துப் பொறுப்பாளரிடம் "இவனைப் பாடநெறியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று முதல் நாளே கேட்காதீர்கள், அவர் விண்ணப்பப் படிவத்தை எடுத்து சாதாரண தரப் பெறுபேறு எங்கே என்று கேட்பார், கதை அங்கேயே முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், செய்முறை வகுப்பில் மட்டும், பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். கூடவே அதே வகுப்பில் படிக்கும் உங்கள் லயத்துப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் அந்தத் தங்கச்சி சொன்ன ஏற்பாடும் இதேதானே, இங்கே அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மஸ்கெலியா அண்ணன்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. துணைக்கு ஒரு பையன் இருப்பான் என்றால் பஸ் பயமும் பாதி குறையும். ஆனால் அந்தப் பையனுக்கும் அவன் படிப்பு இருக்கிறது, அவன் தலையில் முழுப்பாரத்தையும் போட வேண்டாம், இரண்டு பேராக மாறி மாறிப் பார்த்துக்கொள்ளட்டும். மாமா கடையில் மற்ற நாட்களில் வேலையும் தொடரட்டும்.

கொட்டகலை அக்கா

எல்லோருக்கும் மிகவும் நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அதிபர் ஐயா எழுதியதை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். லயத்தில் இரண்டு பையன்களிடம் கேட்டேன், இருவருமே பேக்கரி வகுப்புக்காரர்கள், "நாங்க பார்த்துக்கிறோம் அக்கா" என்றார்கள். அவர்களுடைய போதனாசிரியரிடம் போனில் பேசினேன். அவருக்கு விருப்பம் இருக்கிறது போல, ஆனால் அவண் அடுப்பு இருக்கும் இடம், ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று யோசிக்கிறார். பொறுப்பாளரைச் சந்திக்கக் கடிதத்தோடு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். கடிதத்தில் என்ன எழுத வேண்டும், என்னென்ன கொண்டு போக வேண்டும்?

தலவாக்கலை மிஸ்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பந்தியில் அவனால் என்ன செய்ய முடியும் என்பதை எழுதுங்கள்: தராசு, சரை, பஸ், எவ்வளவு நேரம் ஒரே வேலையில் நிற்பான், யாராவது செய்து காட்டினால் எத்தனை தடவையில் பிடித்துக்கொள்வான். குறைபாட்டின் பெயர் இரண்டாவது பந்தியில் வந்தால் போதும். மூன்றாவதில் கேட்பது என்ன என்று: வாரத்தில் இரண்டு நாள், மூன்று மாதத்துக்கு, மா அளப்பதும் பிசைவதும் தட்டில் அடுக்குவதும் மட்டும், அவண் பக்கம் போக மாட்டான், துணைக்கு இன்ன இரண்டு மாணவர்கள். அவண் விஷயத்தை நீங்களே முந்திக்கொண்டு எழுதினால் அவருக்குப் பாதி யோசனை குறையும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்கு இருதயப் பிரச்சினை இருக்கும், தம்பிக்கு அப்படி ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆஸ்பத்திரி அறிக்கையின் பிரதி, பாடசாலையிலிருந்து விலகல் பத்திரம். விலகல் பத்திரம் தராமல் இழுத்தடித்தால் எனக்குச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் முன்கூட்டியே பார்த்து, முடிந்தால் அவரிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்குங்கள். 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கடிதத்தில் போட வேண்டாம், முகத்துக்கு நேராக முடியாது என்றால் அப்போது எடுங்கள். முக்கியமாக, தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொறுப்பாளர் கேள்வியை உங்களிடம் கேட்பார், நீங்கள் பதில் சொல்லாமல் அவனைப் பார்த்து அவனையே சொல்ல விடுங்கள்.