பிள்ளையாரைக் கழற்றி வை

குழு: அப்புச்சி வீடு
ஞாயிறு இரவு

நான் (8:04): மாமா, அடுத்த மாதம் செட்டிபாளையம் கரி டிராக்கில் டைம் அட்டாக் என்று ஒரு கார் ரேஸ் நடக்கிறதாம். நம்ம பழைய ஸ்விஃப்டிலேயே போகலாமா? இல்லை, எக்ஸாஸ்ட், அலாய் வீல் எல்லாம் மாற்றிக்கொண்டுதான் போகணுமா?

அம்மா (8:05): கரி டிராக்கா? எங்கள் முகத்தில் கரி பூசத்தான் போகிறாய்.

அப்புச்சி (8:09): அது அந்தக் கரி இல்லை அம்மிணி. நம்ம கோயமுத்தூர்க் கரிவரதன் பேர். மாருதி இஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டினவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். டிராக் திறந்தது 2003இல். நானெல்லாம் அதற்கு முந்தி சென்னைப் பக்கம் சோழவரத்துக்கே போய் ரேஸ் பார்த்தவன். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் நின்று நின்று தோல் உரிந்துவிட்டது.

அக்கா (8:11): ரேஸ் என்றால் ஒருத்தரை ஒருத்தர் இடிப்பார்களே?

மாமா (8:15): இதில் போட்டி பக்கத்து வண்டியோடு இல்லை, கடிகாரத்தோடு. இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். முதல் சுற்று டயர் சூடேற, அப்புறம் நேரம் எடுக்க, கடைசிச் சுற்று பிரேக் ஆற. வண்டியில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டிவிடுவார்கள். கோட்டைத் தாண்டினால் நேரம் தானாகப் பதிவாகும்.

மாமா (8:16): எக்ஸாஸ்ட்டை விடு மாப்ளை. முதலில் பிரேக் ஆயிலை மாற்று.

நான் (8:16): பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது மாமா?

மாமா (8:20): எனக்கும் அவிநாசி ரோட்டில் நன்றாகத்தான் பிடித்தது. மூன்று வருஷமாக ஆயிலைத் தொடவில்லை. டிராக்கில் அஞ்சாவது சுற்று, நேர்ப்பாதை முடிகிற இடத்தில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகிறது! நேராக மண்ணுக்குள் இறங்கினேன். டாட் 4 என்கிற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி தாங்கும். ஈரத்தை இழுத்துவிட்டால் 155 தாண்டினாலே கொதிக்கலாம். உள்ளே ஆவி வந்துவிட்டால் மிதிக்கிற மிதி பிரேக்குக்குப் போகாது.

அம்மா (8:21): மண்ணுக்குள் இறங்கினாயா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே தம்பி?

மாமா (8:21): 🙏

நான் (8:23): இன்சூரன்ஸ் இருக்குதுங்களே மாமா?

மாமா (8:25): பாலிசியை எடுத்துப் படி. ரேஸ், வேகச் சோதனை இதற்கெல்லாம் செல்லாது என்றுதான் போட்டிருக்கும். இடித்தால் உன் கைக்காசுதான். அதனால் எடுத்ததும் போட்டிக்குப் போகாதே, போட்டி இல்லாமல் சும்மா ஓட்டிப் பழக விடுகிற டிராக் டே ஒன்று ஓட்டிப் பார். போட்டிக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் பந்தய அமைப்பின் லைசென்ஸும் வாங்கணும்.

அக்கா (8:27): வேறு என்ன வேண்டும்? ஹெல்மெட்?

மாமா (8:32): முழு முகம் மூடுகிற ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, ஷூ. செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டயர் காற்றை ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் பார். காலையில் 33 வைத்தால் சூட்டில் 38 காட்டும், அந்தச் சூட்டிலேயே குறை. வந்து நிறுத்தினதும் பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடாதே, கொதிக்கிற டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடு.

நான் (8:34): ஓட்டுகிறதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே.

மாமா (8:39): வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக்கை முடித்துவிடு. பாதி வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று விட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். வளைவில் மெதுவாக நுழைகிறவன்தான் நேர்ப்பாதையில் சீக்கிரம் மிதிக்கிறான். எனக்கு அன்று காலைக்கும் மாலைக்கும் ஒரு சுற்றுக்கு 6 நொடி குறைந்தது. வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை.

மாமா (8:40): முக்கியமானது. வண்டிக்குள் கழன்று பறக்கிற பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. காலுக்கடியில் போட்டிருக்கிற மேட், தண்ணீர் பாட்டில், டிக்கியில் அக்கா வைத்திருக்கிற குடை, டேஷ்போர்டுப் பிள்ளையார்.

அம்மா (8:40): பிள்ளையாரையா?

மாமா (8:41): டேப் ஒட்டித்தானே நிற்கிறார். பிரேக் அடித்தால் நேராகக் கண்ணாடிக்குப் போவார்.

அப்புச்சி (8:43): சோழவரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவார்கள்.

அம்மா (8:52): என்றைக்குப் போகிறாய் என்று தேதியைச் சொல் கண்ணு. பிள்ளையார் என் கைப்பையில் வருவார்.