பழைய கே1 கயாக் (ஒருவர் ஓட்டும் பந்தயப் படகு) மாத வாடகைக்குக் கிடைக்குமா?

வணக்கம். சென்னைக்காரன், வேலைக்காகக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் மூன்றாவது மாடி அறையில் இருக்கிறேன். ஊரில் 500, 1000 மீட்டர் கயாக் பந்தயங்களில் கலந்துகொண்டவன். பயிற்சி விட்டுப்போய் ஆறு மாதமாகிறது.

கே1 படகு 12 கிலோதான், தோளில் தூக்கி நடந்துவிடலாம். நீளம்தான் வில்லன்: 5.20 மீட்டர். 100ஆம் நம்பர் பஸ்ஸிலும் ஏறாது, எங்கள் மாடிப்படியிலும் திரும்பாது. துடுப்பை மட்டும் இரண்டாகக் கழற்றி விமானத்தில் கொண்டுவந்தேன். நடு இணைப்பில் மணல் புகுந்து இப்போது கறகறக்கிறது.

போன மாதம் ஓரிடத்தில் சவாரிக் கயாக் எடுத்துப் பார்த்தேன். அகலமான பிளாஸ்டிக் ஓடம். மணிக்கணக்கில் காசு போனதுதான் மிச்சம். ஒடுங்கிய பந்தயப் படகில் ஆடாமல் உட்காரும் பயிற்சி அதில் எங்கே வரும்?

பொல்கொட, தியவன்னா ஏரிகள் பக்கம் யாரிடமாவது பழைய கே1 அல்லது சர்ஃப்ஸ்கி (மேலே உட்கார்ந்து ஓட்டும் நீளமான கடல் கயாக்) சும்மா கிடக்கிறதா? சுக்கான் கம்பி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றத் தெரியும். கால் பலகை மட்டும் நகர வேண்டும், நான் ஆறடி. மாதம் 10,000 ரூபாய் வரை தரலாம் (இலங்கை ரூபாய்தான், பயப்படாதீர்கள்!).

கரையோரம் வீடுள்ள அண்ணாமார், அக்காமார் சுவரோரமாகப் படகு வைக்க இடம் தந்தால், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடச் சொல்லித்தருவேன்.

இன்னொன்று: தியவன்னாவில் பாராளுமன்றத்தை ஒட்டிய பகுதியில் தனியாள் படகு விட அனுமதி வேண்டுமா? யாரிடம் கேட்பது?