மறுப்பவரைப் படமெடுத்தால் அது அவருக்கே மேடை ஆகாதா?

கேள்வி: யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்பவரை ஆவணப்படத்தில் பேசவிடலாமா? கல்லூரித் திரையிடலுக்குப் படம் தேடுகிறேன், பயமாக இருக்கிறது.

பதில்: எரோல் மோரிஸ் 1999இல் எடுத்த ‘மிஸ்டர் டெத்’ பாருங்கள். அதில் வரும் மறுப்பவர் பிரெட் லூக்டர், அமெரிக்காவில் மரண தண்டனைக் கருவிகள் செய்தவர். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் விஷவாயு அறைகளே இல்லை என்று காட்ட, 1988இல் அங்கே சுவரை உளியால் கொத்தி, கட்டிகளை அமெரிக்க ஆய்வகத்தில் கொடுத்தார். எங்கே எடுத்தது என்று சொல்லவில்லை. சோதித்த வேதியியலாளரே படத்தில் விளக்குகிறார்: அந்த விஷவாயுவின் சயனைடு சுவரில் சுமார் 10 மைக்ரான்தான் இறங்கும், முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அது தெரியாமல் கட்டியை முழுசாக அரைத்துச் சோதித்தால், அந்த மெல்லிய படலம் எப்படித் தெரியும்? அந்த ஒரு காட்சிக்காகவே காட்டுவேன்.

இன்னொருவர்: படத்தின் முதல் வடிவத்தில் லூக்டர் மட்டும்தான் பேசினார். ஹார்வர்டில் பார்த்தவர்களில் சிலர் அவரை நம்பிவிட்டார்கள். அப்புறம்தான் வரலாற்றாளர் வான் பெல்ட்டை, ஆஷ்விட்ஸ் ஆவணங்களோடு மோரிஸ் சேர்த்தார்.

கேட்டவர்: சரி, காட்டுகிறேன். வேதியியல் துறையினரையும் கூப்பிடுகிறேன்.