ஒரு பரிமாணத்துக்கு மட்டும் அல்ஃபா 0.48, என்ன செய்யலாம்?

அண்ணாமார், அக்காமார், இறுதியாண்டு ஆய்வில் சிக்கி நிற்கிறேன். கைத்தொலைபேசி நிறுவனங்களின் உறவுச் சந்தைப்படுத்தல் (வாடிக்கையாளரோடு நீண்டகால உறவை வளர்க்கும் முறை) வாடிக்கையாளர் திருப்தியை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் தலைப்பு. இடம் இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். 150 வினாக்கொத்து, 5 புள்ளி லைக்கர்ட் அளவுகோல் (எவ்வளவு உடன்படுகிறார்கள் என்று 1 முதல் 5 வரை எண் போடுவது), எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருள்.

உறவுச் சந்தைப்படுத்தலை நான்கு பரிமாணங்களாக அளந்தேன். நம்பிக்கை, கடப்பாடு, தொடர்பாடல் மூன்றுக்கும் குரோன்பாக் அல்ஃபா (ஒரு பரிமாணத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) போதுமானதாகக் கருதப்படும் 0.7ஐத் தாண்டுகிறது. முரண்பாடு கையாளல் மட்டும் 0.48. எதிர்மறைக் கேள்வியின் புள்ளிகளைத் தலைகீழாக்கினேன், அதிலுள்ள நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாக நீக்கியும் பார்த்தேன். 0.53க்கு மேல் போகவில்லை.

சரி என்று திரும்பப் போய் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிலரிடம் பேசினேன். "முறைப்பாடா? யாரிடம்?" என்று சிரிக்கிறார்கள். சிக்னல் இல்லாவிட்டால் மேட்டில் ஏறி நின்று பேசுவார்கள். காசு வெட்டுப்பட்டால் டவுனில் றீலோட் போடும் கடைத் தம்பியிடம்தான் சொல்வார்கள். நிறுவனத்துக்கே அழைத்தவர் ஓரிருவர். (பிறந்தநாள் எஸ்.எம்.எஸ். மட்டும் தவறாமல் வருகிறதாம்!) அனுபவமே இல்லாத விஷயத்துக்கு வாய்க்கு வந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் போல.

மேற்பார்வையாளர் சேரிடம் வரைவு கொடுக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. அந்தப் பரிமாணத்தையே விட்டுவிடவா, இல்லை கடைக்காரரை வைத்துக் கேள்விகளை மாற்றி எழுதி மறுபடி தரவு எடுக்கவா?