இவ்வளவு பனை நிற்கும்போது மஞ்சள் காதுக் கிளிக்கு என்ன தட்டுப்பாடு?

செங்கால்:
கொலம்பியாவின் மஞ்சள் காதுக் கிளி மெழுகுப்பனையை நம்பி வாழ்வது, பனை குறைந்ததால்தான் அழியப் பார்த்தது என்று படித்தேன். ஆனால் கோகோரா பள்ளத்தாக்குப் படங்களில் புல்வெளி முழுக்க அந்தப் பனைதானே ஓங்கி நிற்கிறது?

முகில்காடன்:
படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆளுயரப் பனை ஒன்றாவது தெரிகிறதா? நிற்பதெல்லாம் கிழட்டு மரம். மேகம் தவழும் ஈரமான மலைக்காட்டை, அதாவது மேகக்காட்டை, வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியபோது பனையை மட்டும் விட்டுவைத்தார்கள். விதை விழுகிறது, முளைக்கவும் செய்கிறது. முளைத்ததை மாடு கடித்துவிடும், தப்பியது வெயிலில் கருகிவிடும். காட்டு நிழலும் ஈரமும் இல்லாமல் அந்தக் கன்று தேறாது. தண்டு விடவே பல பத்தாண்டுகள் ஆகும். 60 மீட்டர் வரை போகும், உலகிலேயே உயரமான பனை இது. 1985இல் தேசிய மரம் என்று சட்டமே போட்டார்கள். ஆனாலும் அந்தப் புல்வெளியில் அடுத்த தலைமுறை இல்லை. அழகான படம் என்று எல்லோரும் பகிரும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, கிளி கூடு வைப்பது பெரும்பாலும் பட்ட பனையில். கொண்டை விழுந்து, உள்ளே மட்கிப் பொந்தான தண்டு வேண்டும். செத்த மரம்தானே என்று வெட்டினால் ஒரு கூடு போயிற்று.

ஜெனிட்டா:
அண்ணா, அங்கே குருத்தோலை ஞாயிறுக்கு இந்த மரத்து ஓலையைத்தான் பிடிப்பார்களாமே? நாங்கள் தென்னங்குருத்து பிடிப்போம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

முகில்காடன்:
உண்மைதான் ஜெனிட்டா. ஆனால் அங்கே குருத்துக்காக இளம் பனைகளை வெட்டினார்கள். ஏற்கெனவே மெதுவாக வளரும் மரம், குருத்தும் போனால் பல கன்றுகள் அப்படியே பட்டுவிடும். புரோஆவெஸ் என்ற பறவைக் காப்பு அமைப்பு கத்தோலிக்கத் திருச்சபையோடு சேர்ந்து ஊர் ஊராகப் பேசியது. இப்போது பல ஊர்களில் பவனிக்கு வேறு ஓலை ஏந்துகிறார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பக்தியை யாரும் பழிக்கவில்லை, ஓலையை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

1999 ஏப்ரலில் தொலிமா மாகாணத்து ரொன்செஸ்வாயெஸ் பக்கம் 81 கிளிகளைக் கண்டபோது, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றிருந்த இனத்துக்கு உயிர் வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேல். ஈக்வடாரில்தான் இல்லாமல் போய்விட்டது.

செங்கால்:
நேரில் பார்க்க எங்கே போகலாம் அண்ணா?

முகில்காடன்:
மெதெயின் நகரிலிருந்து ஹார்தின் என்ற ஊருக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ரியோசூசியோ போகும் மலைப்பாதையில் நான் பார்த்தேன். கிளி கண்ணில் படுமுன் இரைச்சல் காதில் விழும். பிறகு ஒரு கூட்டம் பனை மட்டையில் வந்து இறங்கும். கறுத்த அலகு, நெற்றியிலிருந்து காதுவரை மஞ்சள், வாலடி செம்பழுப்பு. ஜோடிகள் ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை ஒன்று கோதும். விடியுமுன் மேலே இருக்க வேண்டும், வெளிச்சம் வந்ததும் இரைக்குக் கிளம்பிவிடும். ஜீப்பை முந்தின நாளே பேசி வையுங்கள். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கட்டாயம்.