சாக்ஸ் மெஷினில் குதிகால் பின்னும்போது லூப் விழுகிறது, அவசரம்!

ரெண்டுவாலு_அம்மா:
வணக்கம். மெஷினில் குழாயாகச் சுற்றும்போது ஒரு தொந்தரவும் இல்லை. குதிகாலுக்கு வந்தால் போதும், ஊசியிலிருந்து லூப் விழுந்துவிடுகிறது. பிரித்துப் பிரித்து நூலே பஞ்சாகிவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கடை சாக்ஸின் ரப்பர் காலில் தடம் பதிக்கிறது, அதனால் அவர் பிறந்தநாளுக்கு இறுக்கமில்லாமல் ஒரு ஜோடி பின்னித் தரலாம் என்று ஆரம்பித்தேன். சின்னவன் தூங்கும் நேரத்தில்தான் கைப்பிடியைத் தொட முடியும். யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

எண்ணெய்கேன்:
எண்ணெய் விட்டீர்களா? தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசிகள் நிற்கும் சிலிண்டரின் பள்ளங்களில். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். குளிரில் உறைந்து ஊசியைப் பிடித்துக்கொள்ளும்.

திருப்பூர்_பிட்டர்:
சிலிண்டர் எத்தனை இன்ச் டயா? கேஜ், அதாவது இன்ச்சுக்கு எத்தனை நீடில்? நூல் ஊட்டும் ஃபீடர் எத்தனை? லூப் விழுந்தால் முதலில் நீடிலைத்தான் பார்க்க வேண்டும். நீடில் கொக்கியை மூடித் திறக்கும் லேட்ச் நாக்கு ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும் போதும். நீடிலை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

நூலும்_நானும்:
புதியவர்கள் எழுதுவதற்கு முன் பழைய பதிவுகளைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வட்ட மெஷினா, தட்டை மெஷினா? எத்தனை ஊசி? என்ன நூல்? துணியைக் கீழே இழுக்கும் எடை எங்கே தொங்குகிறது? குதிகாலின் முதல் பாதியிலா, இரண்டாம் பாதியிலா? எந்தப் பக்கம்? "லூப் விழுகிறது" என்று மட்டும் சொன்னால், டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டுகிற மாதிரி.

ரெண்டுவாலு_அம்மா:
கையால் சுற்றும் வட்ட மெஷின். ஃபீடர் எல்லாம் இல்லை அண்ணா, ஒரே ஒரு நூல்தான் போகிறது. இங்கே ஒண்டாரியோவில் ஒரு பாட்டியின் வீட்டைக் காலி செய்தபோது விற்றார்கள். இரும்பில் எழுதியிருந்த பெயர் தேய்ந்துவிட்டது. 72 ஊசி. நூல் சாதாரண சாக்ஸ் நூல்.

தீவகத்தாள்:
ஒண்டாரியோ எண்டால் கிரீல்மன் மெஷினாக இருக்கலாம், அது அங்க ஜோர்ஜ்டவுனிலதான் செய்தவை. இல்லாட்டி கியூபெக்கில் இருந்து வந்த லெகாரே. ரெண்டுக்கும் வேலை ஒண்டுதான். பிள்ளை, "சாதாரண நூல்" எண்டால் விளங்காது. முழுக் கம்பளியோ, நைலோன் கலந்ததோ? கையால் சுற்றின உருண்டையோ, கோனோ? உருண்டை மேசையில் துள்ளினால் நூல் வெட்டி வெட்டித்தான் வரும். எந்தப் பக்கம் விழுது எண்டும் நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

கைப்பின்னல்_காதலி:
நாலு கம்பி வாங்கிக் கையால் பின்னியிருந்தால் இவ்வளவு தலைவலியே இல்லை. குதிகால் கையால் வந்தால்தான் அழகு. மெஷினில் சுற்றுவதெல்லாம் பின்னலே இல்லை, கிணற்றில் ராட்டினம் இழுக்கிற வேலை.

திருப்பூர்_பிட்டர்:
அப்படியா? நீங்கள் போட்டிருக்கும் பனியன் கையால் பின்னியதா அம்மா?

கைப்பின்னல்_காதலி:
பனியன் வேறு, பரிசாகக் கொடுக்கும் சாக்ஸ் வேறு.

நூலும்_நானும்:
இந்தச் சண்டை 1589-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்த ஆண்டு அது. கையால் பின்னிப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்கும் என்று முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்று சொல்வார்கள். லீ பிரான்சுக்குப் போய்விட்டார். நாம் இன்னும் முடிக்கவில்லை.

தீவகத்தாள்:
முதலாம் உலகப் போரில் செஞ்சிலுவைக்காரர் இந்தக் கை மெஷினில் எத்தனை சோடி சொக்ஸ் பின்னி அனுப்பினவை! பதுங்கு குழியில் ஈரத்தில் நிண்டு கால் அழுகினவனுக்கு, மாத்திப் போட ஒரு காய்ஞ்ச சோடிதான் முக்கியம். மெஷினோ கையோ எண்டு அவன் கேட்டிருப்பானோ?

கைப்பின்னல்_காதலி:
போருக்குச் சரி. இங்கே மாமனாருக்குத்தானே.

எண்ணெய்கேன்:
பழைய மெஷின் என்றால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகி இருக்கும். முழுதும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள்.

நூலும்_நானும்:
குழாயாகச் சுற்றும்போது ஓடுகிற மெஷினை எதற்கு ஊற வைக்க வேண்டும்? கேள்வியைப் படியுங்கள்.

ரெண்டுவாலு_அம்மா:
இடது பக்கம் மட்டும்தான். முதல் பாதி எப்படியோ வந்துவிடுகிறது, ஊசிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கும்போதுதான் விழுகிறது. எடை எப்போதும் போலக் கீழேதான் தொங்குகிறது. நூல் 75 கம்பளி, 25 நைலான். அப்புறம், மெஷினை மாட்டுவதில் தப்பு இருக்காது. எங்களுக்கு ஒரே சாப்பாட்டு மேஜை, அதனால் தினமும் ராத்திரி கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு மறுநாள் மாட்டுகிறேன், கை பழகிவிட்டது. பெரியவள் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினாள், அதனால் ஏதாவது ஆகியிருக்குமா?

நூலும்_நானும்:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். எடைதான் காரணம்.

குழாயாகச் சுற்றும்போது எடை எல்லா ஊசியையும் ஒரே மாதிரி இழுக்கும். குதிகாலில் 36 ஊசி மேலே தூக்கி நிற்கிறது, அங்கே துணி வளராது. மற்ற 36-ல் மட்டும் வரிசை கூடிக்கொண்டே போகிறது. கீழே தொங்கும் எடை முழுவதையும் வளராத பாதி தாங்கிக்கொள்ளும், வளரும் பாதி தொளதொளவென்று நிற்கும். ஊசி மேலே ஏறும்போது பழைய லூப்பும் கூடவே ஏறிவிடும், நாக்கைத் தாண்டிக் கீழே இறங்காது. பிறகு பழைய லூப்பும் புது நூலும் ஒரே கொக்கியில் சேர்ந்து கிடக்கும், இல்லையென்றால் இரண்டும் நழுவும்.

குதிகால் தொடங்கியதும் சின்னக் கொக்கி எடைகளைக் குதிகால் துணியிலேயே மாட்டுங்கள். நாலைந்து வரிசைக்கு ஒரு முறை மேலே ஏற்றுங்கள். முதல் பாதியில் ஓர ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நடுவில் 12 ஊசி மட்டும் மிஞ்சிய பிறகு ஒவ்வொன்றாக இறக்குகிறீர்கள் அல்லவா, அப்போது ஓரத்து ஊசிக்குத்தான் இழுவை அதிகம் வேண்டும். கொக்கி ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

திருப்பூர்_பிட்டர்:
எடை என்றால் ரெண்டு பக்கமும் விழ வேண்டுமே? இடது மட்டும் ஏன்? நீடில்தான். ஒரு வேலை செய்யுங்கள். இடது ஓரத்தில் லூப் விடும் நீடிலையும் வலது ஓரத்து நீடிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு நீடிலோடு வலது பக்கம் போனால் நீடில் கெட்டது. அதே இடத்தில் நின்றால் சிலிண்டர் பள்ளமோ, நீடிலை ஏற்றி இறக்கும் கேமோ, நூல் வரும் வழியோ. எங்கள் மெஷினில் ரெண்டாயிரத்துச் சொச்சம் நீடில் இருக்கிறது, அதிலேயே இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

தீவகத்தாள்:
தம்பி சொல்லுற சோதனை நல்லது. நான் கேட்கிறது வேற. பிள்ளை, தினமும் கழட்டேக்க மேல நிக்கிற நூல் கம்பியையும் கழட்டுறனீங்களோ?

ரெண்டுவாலு_அம்மா:
ஆமாம். இல்லையென்றால் அலமாரி மேல் நிற்காது.

தீவகத்தாள்:
அதைத்தான் நினைச்சன். கம்பியின் உச்சிக் கண் சிலிண்டரின் நடுவுக்கு நேர் மேல இருக்க வேணும். திரும்ப மாட்டேக்க கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பி நிண்டால், நூல் ஒரு பக்கத்தில் இறுகும், மறு பக்கத்தில் தளரும். வட்டமாய்ச் சுத்தேக்க அது பெரிசாய்த் தெரியாது. குதிகாலில் முன்னும் பின்னும் ஆட்டுறம். ஒவ்வொரு திரும்பலிலும் மிஞ்சுற நூலைக் கம்பியில் இருக்கிற குதிகால் வில், அதுதான் ஸ்பிரிங், மேல இழுத்துக்கொள்ளும். தளர்ந்த பக்கத்தில் வில்லுக்கு எட்டாமல் நூல் தொங்கினால் ஓர ஊசி அதைப் பிடிக்காது. உச்சிக் கண்ணில் ஒரு நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டுப் போட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கோ. நடுவில் நிக்குதோ? நிண்டால், கம்பியிலும் தாங்கியிலும் சேர்த்து ஒரு கோடு கீறி விடுங்கோ, பிறகு ஒவ்வொரு நாளும் பார்க்கத் தேவையில்லை. மகள் பின்னுக்குச் சுத்தினதால் ஒண்டும் ஆகாது. லூப் கழண்டிருக்கும், அவ்வளவுதான்.

நூலும்_நானும்:
கம்பி காரணமாக இருக்கலாம், ஆனால் எடைதான் முதல்.

தீவகத்தாள்:
சரி, உங்கட எடை முதல்.

கைப்பின்னல்_காதலி:
விரல் நுனியை மூடுவது மட்டும் கடைசியில் கைத்தையல் ஊசியால்தானே? அப்போது மெஷின்காரர்கள் எல்லோரும் கைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

திருப்பூர்_பிட்டர்:
அதற்கு எங்களிடம் லிங்கிங் மெஷின் இருக்கிறது.

கைப்பின்னல்_காதலி:
கடவுளே.

ரெண்டுவாலு_அம்மா:
நட்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கியது, கம்பியைத் திருப்பினேன். கொக்கி இல்லாததால் சாப்பாட்டு முள்கரண்டியை வளைத்துக் குதிகாலில் மாட்டினேன். ஒரு குதிகால் முழுதாக வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, சின்னவன் எழுந்துவிட்டான்.

நூலும்_நானும்:
இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? கரண்டியை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

திருப்பூர்_பிட்டர்:
நீடில் மாற்றிப் பார்த்தீர்களா?

தீவகத்தாள்:
பிள்ளை, நேரம் கிடைச்சால் மெஷினின் படம் ஒண்டு போடுங்கோ. என்ன மெஷின் எண்டு அறிய ஆசை.

மலைச்சாரல்:
எனக்கும் இதே பிரச்சினைதான், லூப் விழுகிறது. தட்டை மெஷின், ரொம்ப நாள் பரணில் இருந்தது. நானும் கம்பியைத் திருப்பினால் போதுமா?

நூலும்_நானும்:
இதே பிரச்சினை இல்லை. தட்டை மெஷினில் ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை ஒன்று உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அதற்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே நசுங்கிப் பொடியாகிவிடும். ஊசி மேலே தூக்கி ஆடும், லூப் விழும். பட்டையை உருவிப் பாருங்கள். ஸ்பாஞ்ச் தட்டையாக இருந்தால் புதியது போடும் வரை, ஊசிகள் மேல் தள்ளி ஓட்டும் கேரேஜை ஓட்டவே ஓட்டாதீர்கள், ஊசி உடையும். மீதியைத் தனி இழையில் கேளுங்கள், எத்தனை ஊசி, என்ன நூல் என்பதோடு.